டிஸ்கித்துக்காக நான் பேசியது

உக்காருங்கக்கா. அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க. பாப்பா ஸ்கேட்ல சுத்திட்டு இருக்கட்டும். முட்டிக்கு, முழங்கைக்கு எல்லாம் நானே கட்டிவிட்டிருக்கேன், விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுங்க. ஃபாரம் அப்புறம் எழுதிக்கலாம். நீங்க கேட்டீங்களே, முதல்ல அதுக்குப் பதில் சொல்லிடறேன். இல்லைன்னா பொண்ணை எங்கிட்ட விட்டுட்டு வீட்டுக்குப் போயும் உங்களுக்கு அதே நினைப்பா இருக்கும்.

யூடியூப்ல ரின்சென் பேசுனதைத்தானே பாத்தீங்க? எல்லாரும் அதைத்தான் பாத்திருக்காங்க. இந்தியா ஐஸ் ஹாக்கி டீம்ல என்கூட டிஃபென்ஸ் ஆடுனவ. "டிஸ்கித்கூட ஒரே ரூம்ல இருந்தவ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவ இன்னைக்கு நல்லா இருந்திருப்பா"ங்கறா. பேரைச் சொல்லலை. ஆனா ஒரே ரூம்ல இருந்தது ஹேமலதா, நான்தான். வாயைத் திறக்கலைன்னு சொன்னா பாருங்க, அது பச்சைப் பொய். அன்னைக்குப் பூராவும் பேசுனதே நான்தான்.

நடந்ததை நடந்தபடி சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

நான் இதே கோயமுத்தூர்ல, இதே மாதிரி சிமெண்டுத் தரையில ரோலர் ஹாக்கி ஆடுனவ. கோல் கீப்பர். ஏழு வருஷம் ஸ்டேட் டீம்ல நின்னிருக்கேன். அப்பத்தான் ஐஸ் ஹாக்கிக்குப் பொண்ணுங்களை எடுக்கறாங்கன்னு தெரிஞ்சுது. ஐஸை நான் ஃபிரிட்ஜ்ல பாத்ததோட சரி. ஷூவுக்கு அடியில சக்கரம் வெச்சு நிக்கத் தெரிஞ்சவளுக்குக் கத்தி வெச்சு நிக்க வராதான்னு கிளம்பிப் போயிட்டேன். லடாக்குல கேம்ப். ஜனவரி மாசம். உறைஞ்ச குளத்து மேல ஆடணும்.

டிஸ்கித்தை அங்கதான் பாத்தேன். அவளும் கோல் கீப்பர்தான். இருபது வயசு, எனக்கு அப்ப இருபத்தேழு. லேயில இருந்து அரை நாள் போகணும் அவ ஊருக்கு. பத்தாவதோட படிப்பை நிறுத்தியாச்சு. இங்கிலீஷ் வராது, இந்தி பேசுவா. எனக்கு இந்தி சுமாரா வரும், சின்ன வயசுல அம்மா பரீட்சை எழுத வெச்சாங்க. அதனாலதான் எங்க ரெண்டு பேரையும் ஒரு ரூம்ல போட்டாங்க. என்னைய தீதி, தீதின்னு கூப்பிடுவா. அவங்க இந்தியில அக்கான்னு அர்த்தம்.

அண்ணனோட பழைய ஸ்கேட்டுக்குள்ள துணியைத் திணிச்சுப் போட்டுக் கத்துக்கிட்டவ அவ. முறைப்படி பாத்தா நிக்கற விதம் தப்பு, ஸ்டிக்கைப் பிடிக்கறது தப்பு. ஆனா பக் நேரா அவ கைக்குத்தான் போகும். பக்னா பந்துக்குப் பதிலா அடிக்கிற ரப்பர் வட்டுங்க, கல்லு மாதிரி இருக்கும். நான் பொறாமைப்பட்டேன்னு நினைச்சுக்காதீங்க. ரெண்டு கீப்பர் இருந்தா ஒருத்தி நிப்பா, ஒருத்தி பெஞ்சுல இருப்பா. அது தெரிஞ்சுதான் போறோம்.

அந்தக் கேம்ப்ல ரெண்டாவது நாள் என் கால் விரல் அத்தனையும் மரத்துப்போச்சு. பயத்துல அழுதே போட்டேன். அவ என் காலைத் தூக்கித் தன் ஸ்வெட்டருக்குள்ள விட்டு வயித்துமேல வெச்சுக்கிட்டா. அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தா. அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் குளிரெல்லாம் பழக்கம்ங்க, ஒண்ணும் தெரியாது.

கண்ணு, ரெண்டு கையையும் முன்னால நீட்டு! ஆங், அப்படித்தான்!

மே மாசம் பேங்காக்ல போட்டி. ஆசிய நாட்டுப் பெண்கள் டீம் ஆறு வந்திருந்துச்சு. பெரிய மால் ஒண்ணு, ஏழாவது மாடியில ஐஸ் ரிங்க். கீழ துணிக்கடை, செருப்புக்கடை, ஜனங்க பனியனோட சுத்தறாங்க. மேல ஏறி வந்தா நாங்க ஐஸ்ல நிக்கறோம். எங்க டீம்ல யாரும் அதுவரைக்கும் மெடலைக் கண்ணால கண்டதில்லை. இந்த வாட்டி வாங்கலைன்னா அடுத்த வருஷம் கேம்ப்பே இருக்காதுன்னு பேச்சு. எங்க கோச் தாக்கூர் சார், சிம்லாக்காரர், அதைத் தினமும் ரெண்டு வேளை சொல்லுவாரு.

ரெண்டாவது மேட்ச் பிலிப்பைன்ஸ்கூட. டிஸ்கித்துக்கு ஓய்வு குடுக்கறேன்னு ரெண்டாவது பீரியடுக்கு சார் என்னைய இறக்குனாரு. ஒரு மேட்ச்சுக்கு மூணு பீரியட், ஒவ்வொண்ணும் இருபது நிமிஷம். அதுல எட்டு கோல் வாங்கிட்டேன். மறைக்கறதுக்கு என்ன இருக்கு? அன்னைக்கு ஐஸ் சரியில்லை, தண்ணியா இருந்துச்சு. அவங்க டீம்ல பதினேழாம் நம்பர்னு ஒருத்தி, கனடாவுல வளந்தவளாம், நல்ல உசரம். அவ ஸ்டிக்கை ஓங்கி அடிச்சாலே சத்தம் வேற மாதிரி வரும். ஒரு ஷாட் என் தோள்பட்டை எலும்புல வந்து விழுந்துச்சு. அடுத்த ஷாட்டுக்கு நான் குனிஞ்சுட்டேன்னு ஜனங்க சிரிச்சாங்க. குனியலைங்க, இடம் மாத்திட்டு இருந்தேன். வீடியோவுல பாத்தா அப்படித் தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம் செமி ஃபைனல், தாய்லாந்துகூட. தோத்துட்டோம். முடியறதுக்கு நாலு நிமிஷம் இருக்கறப்ப, அவங்க பொண்ணு ஒருத்தி வேகமா வந்தவ நிறுத்த முடியாம டிஸ்கித் மேலயே மோதிட்டா. முட்டி இவ தலையில, தலை கோல் கம்பியில. டங்குன்னு பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. சித்த நேரம் படுத்திருந்தா, எந்திரிச்சா, மீதியை ஆடி முடிச்சா.

மூணாவது இடத்துக்கு அடுத்த நாள் மத்தியானம் மேட்ச். மறுபடியும் பிலிப்பைன்ஸ்.

சாயந்திரம் ரூமுக்கு வந்தோம். டிஸ்கித் ஜன்னல் ஸ்கிரீனை இழுத்து விடச் சொன்னா. லைட் கண்ணைக் குத்துதாம். ரெண்டு தடவை வாந்தி எடுத்தா. "தீதி, நாம ஜெயிச்சோமா?"ன்னு கேட்டா. தோத்துட்டோம்னேன். தலையை ஆட்டுனா. பல் விளக்கிட்டு வந்து மறுபடியும், "தீதி, நாம ஜெயிச்சோமா?" தோல்வியை மனசு ஏத்துக்கலை பாருங்க. சின்னப் பொண்ணுதானே.

காலையில எந்திரிச்சதும் அவ சொன்ன முதல் வார்த்தை, "இன்னைக்கு நீ நில்லு தீதி. எனக்குத் தூங்கணும்."

இதை ரின்சென் சொல்லலை, ஏன்னா அவளுக்குத் தெரியாது. நானே சொல்றேன், எனக்கு ஒளிவுமறைவு கிடையாது. நான் டிஸ்கித்கிட்ட உக்காந்து பொறுமையா எடுத்துச் சொன்னேன். "உங்க ஊரே ஒரு வீட்ல கூடி உக்காந்து போன்ல உன்னைப் பாக்கப் போவுது. மெடல் வாங்குனா உனக்குப் போலீஸ்ல வேலை. உங்கம்மா எத்தனை நாளைக்கு ரோடு வேலைக்குக் கல் சுமப்பாங்க? இன்னைக்கு ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்கோ, நாளைக்குப் பூராத் தூங்கு"ன்னேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்? கூடப் பிறந்தவளும் அதைத்தானே சொல்லுவா?

டிபன் சாப்பிடற எடத்துல தாக்கூர் சார் வந்தாரு. "மேட்ச் டாக்டர் அவளைப் பாக்கணும்னு சொல்றாரு. அவரு கையெழுத்துப் போட்டாத்தான் அவ இறங்கலாம். போடலைன்னா நீதான் ஹேமா. பேடு கட்டி ரெடியா இரு"ன்னாரு. சரி சார்னேன். அந்த ஊர் சாப்பாடு எனக்கு ஒத்துக்கலைங்க, அன்னைக்குக் காலையில நாலு தடவை பாத்ரூம் போனேன். கையெல்லாம் வேர்த்து, ஸ்பூன் வழுக்குது. ஐஸ் ஹாக்கியில கோல் கீப்பருக்கு வயிறு சரியில்லைன்னா நிக்கவே முடியாதுங்க்கா. அது வேற விஷயம், விடுங்க.

சாருக்கு ஏதோ மீட்டிங். அதனால டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். அந்த ஊர் டாக்டர், வயசானவரு. அவரு இங்கிலீஷ்ல கேக்கணும், நான் இவகிட்ட இந்தியில கேக்கணும், இவ சொல்றதை நான் அவருக்கு இங்கிலீஷ்ல சொல்லணும். நடுவுல நான். எவ்வளவு சிரமம்னு யோசிச்சுப் பாருங்க.

"தலைவலி இருக்கா?"ன்னாரு.

கேட்டேன். "மண்டைக்குள்ள யாரோ தட்டிட்டே இருக்காங்க தீதி"ங்கறா. இதை எப்படிங்க இங்கிலீஷ்ல சொல்றது? லேசா இருக்காம் சார், டயர்டுன்னேன். தப்பா ஒண்ணும் சொல்லலை. சுருக்கிச் சொன்னேன்.

"வெளிச்சம் பட்டா தொந்தரவா இருக்கா?" இவ கண்ணைக் கையால மூடிட்டு இருந்தா. மாடியில லைட் அதிகம், அவங்க ஊர்ல கரண்ட் அவ்வளவா இல்லை, பழக்கமில்லைன்னேன்.

அப்புறம் அஞ்சு வார்த்தை சொல்லுவாராம், இவ அதைத் திருப்பிச் சொல்லணுமாம். மரம், குதிரை, ஜன்னல், சோப்பு, மழை. நான் இந்தியில சொன்னேன். அவ மரம்னா, குதிரைன்னா. அப்புறம் நிறுத்திட்டா. என்னையவே பாக்கறா. அடுத்ததும் வாய்க்குள்ள இருக்குங்க, எனக்குத் தெரியுது, வெளிய வரலை. சித்த நேரம் கழிச்சு "அமா"ன்னா. அமான்னா அவங்க பாஷையில அம்மா.

"அமான்னா என்ன?"ன்னு டாக்டர் கேட்டாரு.

"மழை சார். அவங்க பாஷையில மழை"ன்னேன். சோப்பு, ஜன்னலும் சொல்லிட்டான்னு நானே சேத்துச் சொல்லி முடிச்சு வெச்சேன். மேட்சுக்கு நேரமாகுதுல்ல?

ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னாரு. ஆடுனா. முட்டியில அடி சார்னேன். அடி இருந்துச்சு, அது பொய் இல்லை. அவரு பேனாவை மூடி வெச்சுட்டு என்னைப் பாத்து, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டாரு.

"அக்கா மாதிரி"ன்னேன்.

மறுபடியும் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாரு. நான் போடலை, டாக்டர் போட்டாரு. அப்புறம் நடந்த விசாரணையிலயும் அதைத்தான் எழுதியிருக்காங்க.

அய்யோ விழுந்துட்டாளா? நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க. எழுந்து ஓடுனீங்கன்னா அவ அழுவா. கண்ணு, எந்திரி! ஒண்ணுமில்லை, தட்டிட்டு எந்திரி! பாத்தீங்களா, எந்திரிச்சுட்டா. நாம போடற சத்தத்துலதான் எல்லாம் இருக்கு.

மேட்ச் சொல்றேன். பேடு கட்டறதுக்கு அவளுக்கு விரல் ஒழுங்கா வேலை செய்யலை, நான்தான் கட்டி விட்டேன். முதல் பீரியட்ல நாங்க ஒரு கோல். ரெண்டாவதுல ஒண்ணு. அவங்களும் ஒண்ணு போட்டாங்க. டிஸ்கித் எப்படி நின்னாங்கறீங்க! கால் தானா நகருது, கை தானாப் போகுது. பதினேழாம் நம்பர் அடிச்சதுல மட்டும் பதினொண்ணை நிறுத்துனா. ஆனா பீரியட் முடிஞ்சதும் நேரா எதிர் டீம் பெஞ்சுக்குப் போயிட்டா. அந்தப் பொண்ணுங்க சிரிக்க, நான் ஓடிப்போய்க் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். "தீதி, நாம யார்கூட ஆடறோம்?"ன்னு காதுல கேட்டா. "உனக்கு எதுக்கு அது? நீலச் சட்டை வந்தாத் தடு, அவ்வளவுதான்"னேன்.

மூணாவது பீரியட். ஆறு நிமிஷம் பாக்கி. பதினேழு அடிச்ச ஷாட் நேரா இவ மாஸ்க்குல, நெத்தியில. மாஸ்க் கழண்டு எங்கயோ போச்சு. இவ முட்டி போட்டுக் குனிஞ்சு ஐஸையே பாத்துட்டு இருக்கா. ரெஃப்ரி வந்து ஏதோ கேக்கறாங்க, பதில் இல்லை. ஆளை மாத்துங்கன்னு ரெஃப்ரி எங்க பெஞ்சைப் பாத்துக் கையைக் காட்டிட்டாங்க.

தாக்கூர் சார் திரும்பி, "ஹேமா, இறங்கு"ன்னாரு.

என் மாஸ்க்கோட பக்கிள் சிக்கிக்கிச்சுங்க. சத்தியமா. இழுக்கறேன், வரலை. விரலெல்லாம் மரத்துப்போச்சு. சார் கத்தறாரு. ரின்சென் பக்கத்துல வந்து என் கையைத் தட்டிவிட்டு ஒரே இழுப்புல மாட்டிவிட்டா. அது லூசாகி வந்த நேரத்துல அவ இழுத்துட்டா, அதை வெச்சுக்கிட்டுத்தான் இப்ப வீடியோவுல, "பக்கிள் நல்லாத்தான் இருந்துச்சு"ங்கறா.

நான் பெஞ்சுல இருந்தே கத்துனேன். "டிஸ்கித், எந்திரி! தீதி சொல்றேன், எந்திரி!"

மால் பூராவும் அவ்வளவு சத்தம். அதுல என் குரல் அவளுக்குக் கேட்டுச்சு பாருங்க. தலையைத் தூக்கி என்னையத் தேடுனா. பாத்தா. எந்திரிச்சா. மாஸ்க்கை வாங்கி மாட்டிக்கிட்டு ஸ்டிக்கைத் தரையில ரெண்டு தட்டு தட்டுனா, ரெடின்னு. ரெஃப்ரி விட்டுட்டாங்க.

மீதி ஆறு நிமிஷத்துல ஒண்ணுகூட விடலை. ரெண்டுக்கு ஒண்ணு. எங்களுக்கு வெண்கலம். ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து அழுதோம். தாக்கூர் சார் எங்க ரெண்டு பேரையும் தூக்கிச் சுத்துனாரு, என்னையுந்தான்.

மெடல் போடறப்ப அவ என் தோள்ல சாஞ்சே நின்னுட்டு இருந்தா. பேர் கூப்பிட்டாங்க, போகலை. நான் முதுகைத் தொட்டுத் தள்ளிவிட்டேன். நாலு அடி போனா. மெடல் கழுத்துல விழுந்துச்சு. அப்படியே மடங்கி உக்காந்தவதான். வலது கண்ணு மட்டும் ஒரு பக்கமாப் போயிடுச்சு.

மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருந்துச்சாம். அன்னைக்கே ஆபரேஷன். முடியை வழிச்சு, எலும்பை எடுத்து. முதல் அடியிலயே கசிஞ்சிருக்கு, ரெண்டாவது அடியில உடைஞ்சிருக்குன்னாங்க. அந்த வயசான டாக்டர் ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாரு. என்னையப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "அமான்னா நெஜமா என்ன?" நான் தாய்லாந்து பாஷை புரியாத மாதிரி நின்னுட்டேன். அவரு கேட்டது இங்கிலீஷ்லதான், ஆனா அந்த நேரத்துல எனக்கும் ஒரு பதட்டம் இருக்கும்ல?

நாங்க பிளைட் ஏறி வந்துட்டோம். அவ ஒன்றரை மாசம் அங்கயே. அவ அண்ணன் போய்க் கூட இருந்தான். அப்புறம் டில்லி, அப்புறம் அவ ஊரு. வலது கை நடுங்குது, பட்டன் போட வராது. பனியில வெயில் பட்டா அந்த வெளிச்சம் தாங்காது, நாள் பூரா இருட்டு ரூம்லதான். போலீஸ் வேலைக்குக் கடிதாசி வந்துச்சு, உடம்புப் பரிசோதனையில கழிச்சுட்டாங்க. எனக்கு அந்த மெடலை வெச்சுத்தான் இந்த ஸ்கூல்ல வேலை கிடைச்சுது. நான் வேணும்னு கேக்கலைங்க, டீம்ல இருந்த எல்லாருக்கும் உண்டு.

விசாரணைன்னு ஒண்ணு வெச்சாங்க, டில்லியில. அரை மணி நேரம். மூணு பேர் உக்காந்து கேட்டாங்க, நான் சொன்னேன், போகலாம்னுட்டாங்க. அதுக்கு மேல இந்த ரின்சென்னுக்கு என்ன வேணுமாம்? ஆவுற வேலை இல்லாதவ.

இதுக்கும் மேல நீங்க நம்பலைன்னா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. டிஸ்கித்தே என்கிட்டப் பேசிட்டுத்தான் இருக்கா. ஞாயித்துக்கிழமையானா போன் வந்துடும். அவங்கம்மா போட்டுக் குடுப்பாங்க. கேம்ப் வரைக்கும் அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, என் காலைத் தூக்கி வயித்துல வெச்சது வரைக்கும். பேங்காக்ல இறங்குனதுல இருந்து ஒண்ணும் இல்லை, துடைச்சு எடுத்த மாதிரி. "தீதி, அந்த மேட்ச்சை எனக்குச் சொல்லேன்"ம்பா.

முதல் தடவை கேட்டப்ப யோசிச்சேன். உடம்புக்கு முடியாதவகிட்ட மனசு நோகற மாதிரியா பேசறது? அதனால, "நான் எவ்வளவோ சொன்னேன் டிஸ்கித். இன்னைக்கு நான் நிக்கறேன், நீ படுன்னேன். நீதான் கேக்கலை. டாக்டர்கிட்டயும் நீயே, எனக்கு ஒண்ணுமில்லைன்னு சண்டை போட்டு எறங்குனே"ன்னேன். பெருமையா இருக்கட்டுமேன்னுதான். அந்தப் பக்கம் சிரிக்கறா. "நான் அவ்வளவு அடங்காதவளா தீதி?"ன்னு. அவங்கம்மாகிட்ட அவங்க பாஷையில அதைச் சொல்றா, அவங்க போனை வாங்கி அழுதுட்டே, "நீ பக்கத்துல இருந்தியே மகளே, அது போதும்"னாங்க. ஊர் பூரா இப்ப அதைத்தான் சொல்லிட்டு இருக்காங்களாம்.

அவளுக்குக் கேட்டது நிக்காதுங்க்கா. அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடியும் முதல்ல இருந்து கேப்பா. நானும் முதல்ல இருந்து சொல்லுவேன். ஒரு வாரம்கூட அலுத்துக்கிட்டதில்லை. கடைசி வரைக்கும் கேட்டுக்குவா. அப்புறம், "நான் உன் பேச்சைக் கேட்டிருக்கணும் தீதி. உன் மேட்ச்சை நான் பிடுங்கிக்கிட்டேன். என்னைய மன்னிச்சுடு"ம்பா. தப்பு என்மேல இருந்தா அவ எதுக்குங்க்கா என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்?

ஒவ்வொரு வாரமும் புதுசாக் கேக்கறா. நானும் ஒவ்வொரு வாரமும் மன்னிச்சு விட்டுடறேன். அதுக்கெல்லாம் ஒரு மனசு வேணும்.